நுண்ணோக்கிப் படத்தில் வெளிச்சக் கோளாறு: அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

மொட்டைமாடித் தாமரைத் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் வைத்துக் கண்ணால் பார்த்தால் நேரம் போவதே தெரியாது. அதையே கேமராவில் பிடித்துக் கணினியில் திறந்தால், அரிசி களைந்த தண்ணீரில் ஏதோ தூசி மிதப்பதுபோல் இருக்கும். உடனே எல்லோரும் செய்வது ஒன்றுதான்: விளக்கைக் கூட்டுவது. நானும் வெகுநாள் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கீழே வரும் கோளாறுகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் அதிக வெளிச்சம் மருந்து. மற்றவற்றில் பெரும்பாலானவை வெளிச்சம் எந்தக் கோணத்தில் வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தவை.

நான் மனதில் வைத்திருப்பது கல்லூரி ஆய்வகங்களில் பார்க்கும் சாதாரணக் கூட்டு நுண்ணோக்கி. 4எக்ஸ், 10எக்ஸ், 40எக்ஸ் ஆப்ஜெக்டிவ்கள் (ஸ்லைடுக்கு நேர் மேலே நிற்கும் லென்ஸ்கள்), மேடைக்கு அடியில் ஐரிஸ் டயஃப்ரம் (அகலத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒளித்துளை) வைத்த ஆபி கண்டென்சர், அதற்கும் கீழே எல்.இ.டி அல்லது ஹாலஜன் விளக்கு. படமெடுப்பது கைபேசியாகவும் இருக்கலாம், லென்ஸ் கழற்றிய மிரர்லெஸ் கேமராவாகவும் இருக்கலாம்.

எந்த அறிகுறிக்கும் முன் இரண்டு நிமிடம்

கண்டென்சர் செய்யும் வேலை, விளக்கிலிருந்து வரும் ஒளியை ஒரு கூம்பாகக் குவித்து ஸ்லைடில் சேர்ப்பது. ஸ்லைடைத் தாண்டியதும் அந்தக் கூம்பு தலைகீழாக விரிந்து ஆப்ஜெக்டிவுக்குள் போகிறது. ஆப்ஜெக்டிவ் எவ்வளவு அகன்ற கூம்பை விழுங்கும் என்பதை அதன் உடம்பிலேயே பொறித்திருப்பார்கள். 4-க்குப் பக்கத்தில் 0.10, 10-க்குப் பக்கத்தில் 0.25, 40-க்குப் பக்கத்தில் 0.65 என்று இருக்கும். அந்த இரண்டாவது எண்ணை என்.ஏ. என்பார்கள். பெருக்கத்தைவிட அதுதான் முக்கியம். நுணுக்கமான விவரம் எவ்வளவு தெரியும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. பச்சை ஒளியில் 0.25 உள்ள ஆப்ஜெக்டிவ் சுமார் 1.3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியைப் பிரித்துக் காட்டும். 0.65 என்றால் அரை மைக்ரான்.

10எக்ஸில் ஏதாவது ஒன்றை ஃபோகஸ் செய்துகொள்ளுங்கள். விளக்கின் கண்ணாடிமேல் ஒரு பென்சில் முனையை நேராக நிறுத்துங்கள். கண்டென்சரை மெல்ல ஏற்றி இறக்கினால் ஒரு இடத்தில் பென்சில் முனையும் ஸ்லைடில் இருப்பதும் ஒன்றாகத் தெளிவாகும். கண்டென்சர் அங்கேதான் இருக்க வேண்டும். பெரும்பாலும் அது மேல் எல்லைக்குச் சற்றுக் கீழே அமையும். முனை பார்வையின் நடுவில் இல்லையென்றால், திருகுகள் இருந்தால் கண்டென்சரை நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். விளக்கின்மேல் தனி டயஃப்ரம் உள்ள கருவியென்றால் பென்சில் வேண்டாம், அந்த டயஃப்ரமை மூடி அதன் விளிம்பைத் தெளிவாக்கினால் போதும். 1893-இல் ஆகஸ்ட் கோலர் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட முறை இது. இன்றைக்கும் எல்லா ஆய்வகத்திலும் அவர் பெயரைச் சொல்லித்தான் இதைக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

கண்டென்சர் எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்தால் கீழே உள்ள எந்த வைத்தியமும் பலிக்காது.

உயிரி தெரிகிறது, ஆனால் கண்ணாடியாய்த் தெரிகிறது

பரமீசியம், ரோட்டிஃபர், வார்ட்டிசெல்லா போன்ற நீர்ச் சிற்றுயிர்கள் எல்லாமே ஏறக்குறையத் தண்ணீர்தான். அவை ஒளியை உறிஞ்சுவதில்லை, கொஞ்சம் வளைத்து விடுகின்றன, அவ்வளவே. விளக்கைக் கூட்டினால் பின்னணியும் அதனுள் இருக்கும் உயிரியும் சேர்ந்தே வெளுக்கும்.

முதலில் டயஃப்ரம். ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸைக் கழற்றிவிட்டு வெறும் குழாய்க்குள் பாருங்கள். அடியில் ஒரு ஒளி வட்டம் தெரியும். டயஃப்ரமை மூடிக்கொண்டே வந்து அந்த வட்டத்தின் அகலத்தில் முக்கால் பங்கு மட்டும் ஒளிரும்படி நிறுத்துங்கள். ஒவ்வொரு ஆப்ஜெக்டிவ் மாற்றும்போதும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். சோம்பலாக இருந்தால், மூன்று ஆப்ஜெக்டிவுக்கும் டயஃப்ரம் நெம்புகோல் நிற்க வேண்டிய இடத்தைக் கண்டென்சர் விளிம்பில் நெயில் பாலிஷால் புள்ளி வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இன்னும் போதவில்லையா? இப்போது காசு செலவில்லாத ஒரு வித்தை. ஐபீஸில் பார்த்துக்கொண்டே, கண்டென்சருக்கு அடியில் ஒரு பக்கத்திலிருந்து விரலை மெல்ல நுழையுங்கள். ஒளிக் கூம்பில் பாதி மறையும் இடத்தில் தட்டையாய்க் கிடந்த பரமீசியம் திடீரென்று புடைத்துக்கொள்ளும், ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக. இதுதான் சாய்வு ஒளி. விரலுக்குப் பதில் கருப்பு அட்டையில் பிறை வெட்டி ஃபில்டர் வளையத்தில் வைத்தால் கை ஓயும். இதற்கு டயஃப்ரமை முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். பிறையைச் சுற்றிப் பாருங்கள். நீளமான உயிரிக்கு ஒளி பக்கவாட்டில் விழுந்தால்தான் உடம்பின் ஓரக் கோடுகள் எழும், தலையிலிருந்து வால் நோக்கி விழுந்தால் பாதி விவரம் படுத்துவிடும்.

கண்ணாடி போன்ற உயிரிகளுக்கென்றே ஃபேஸ் கான்ட்ராஸ்ட் என்ற முறை உண்டு. அதைக் கண்டறிந்த ஃபிரிட்ஸ் ஜெர்னிக்குக்கு 1953-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. மெல்லிய உயிரிக்கு அருமையான முறை. ஆனால் தடித்த ரோட்டிஃபர், டாஃப்னியா (நீர்த்தெள்ளு) போன்றவற்றைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் போட்டுவிடும். அதற்குச் செலவழிக்கும் முன் பிறை அட்டையோடு ஒரு மாதம் பழகிப் பாருங்கள்.

ஒவ்வொன்றையும் சுற்றிக் கருப்பு வளையம், தூசியெல்லாம் பெரிதாய்த் தெரிகிறது

டயஃப்ரமை அளவுக்கு மீறி மூடிவிட்டீர்கள். கான்ட்ராஸ்ட் கூடினாற்போல் தோன்றும், கைபேசித் திரையில் நன்றாகவும் இருக்கும். பெரிதாக்கினால் ஒரு கோடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று கோடுகள். 40எக்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டு 10எக்ஸின் விவரத்தை வாங்கிக்கொள்வது போல. திறந்துவிடுங்கள்.

நடுவில் வெளிச்சம், ஓரமெல்லாம் இருட்டு

4எக்ஸில் மட்டும் வருகிறதென்றால் கருவியில் குற்றமில்லை. 4எக்ஸ் பார்க்கும் பரப்பு அகலம், கண்டென்சர் வெளிச்சமூட்டும் பரப்பு சிறிது. கண்டென்சரைச் சற்று இறக்குங்கள், அல்லது விளக்கின்மேல் டிரேசிங் பேப்பர் ஒரு துண்டு வையுங்கள். சில கண்டென்சரில் மேல் லென்ஸைத் திருப்பி ஒதுக்கிவிடலாம்.

இருட்டு அரிவாள் வடிவில் ஒரே பக்கத்தில் வருகிறதா? கைபேசி ஐபீஸுக்கு நேராக இல்லை. ஐபீஸுக்கு மேலே காற்றில் ஓரிடத்தில் ஒளி ஒரு சிறு வட்டமாகக் குவிகிறது. ஒரு வெள்ளைத் தாளை ஐபீஸ்மேல் பிடித்து ஏற்றி இறக்கினால் அது கண்ணுக்கே தெரியும். கைபேசி லென்ஸ் அந்தப் புள்ளியில் உட்கார வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் அரிவாள்தான். கையில் பிடித்து எடுப்பதை விட்டுவிட்டு ஒரு பிடிப்பான் வாங்கிவிடுங்கள். இதற்கு மாற்று வழி இல்லை.

டார்க்ஃபீல்டில் பின்னணி கருப்பாகாமல் சாம்பலாக இருக்கிறது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். நீருயிர்ப் படங்களில் பார்ப்பவரை வாயடைக்க வைப்பது டார்க்ஃபீல்ட்தான், அதாவது கருப்புப் பின்னணியில் உயிரியை மட்டும் ஒளிரவைக்கும் முறை. அதிகம் சொதப்புவதும் அதுதான்.

கூம்பின் நடுவை ஒரு கருப்பு வட்டத்தால் அடைத்துவிட்டால் மிச்சமிருப்பது உள்ளீடற்ற கூம்பு. அந்த ஒளி ஸ்லைடு வழியாக ஏறி ஆப்ஜெக்டிவின் வாய்க்கு வெளியே ஓடிவிடும். வழியில் ஒரு உயிரி குறுக்கிட்டுச் சிதறடிக்கும் ஒளி மட்டும் உள்ளே வரும். கருப்பு வானத்தில் வால்வாக்ஸ் என்ற உருண்டைப் பாசி பச்சை நிலாபோல் மிதக்கும். 1674-இல் டெல்ஃப்ட் ஊருக்குப் பக்கத்து ஏரித் தண்ணீரைப் பார்த்து அதிலிருந்த சிற்றுயிர்களைப் பற்றி எழுதிய நுண்ணோக்கி முன்னோடி லேவன்ஹுக், தன்னுடைய சிறந்த பார்வை முறையைக் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. அது ஒளி அமைப்பைப் பற்றிய ரகசியம்தான் என்றும், அவர் ஏதோ ஒரு வகை டார்க்ஃபீல்டைக் கண்டுகொண்டிருக்க வேண்டும் என்றும் நினைப்பவர்கள் உண்டு.

சாம்பல் பின்னணிக்கு முதல் காரணம், டயஃப்ரம் மூடியிருப்பது. இந்த முறையில் வேலை செய்வது கூம்பின் வெளி ஓரம் மட்டுமே. டயஃப்ரம் முதலில் வெட்டுவதும் அந்த ஓரத்தைத்தான். முழுக்கத் திறங்கள். பிரைட்ஃபீல்டிலிருந்து, அதாவது வழக்கமான வெளிச்சப் பின்னணி முறையிலிருந்து மாறும்போது இதை மறக்காதவர் யாருமில்லை.

அடுத்தது வட்டத்தின் அளவு. சிறிதாக இருந்தால் நேர் ஒளி கசிந்து பின்னணி சாம்பலாகும். பெரிதாக இருந்தால் பின்னணி கருப்பாகும், ஆனால் உயிரியும் மங்கிவிடும். அளவைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. எந்த ஆப்ஜெக்டிவுக்கு வேண்டுமோ அதைப் போட்டு ஸ்லைடை ஃபோகஸ் செய்யுங்கள். ஐபீஸைக் கழற்றுங்கள். குழாய்க்குள் பார்த்தபடி, டயஃப்ரமின் விளிம்பு ஒளி வட்டத்தின் விளிம்பைச் சரியாகத் தொடும்வரை மூடுங்கள். பின் கண்டென்சரைக் கழற்றி அடிப்பக்கமிருந்து டயஃப்ரம் துளையை அளவுகோலால் அளந்து, அதைவிடப் பத்தில் ஒரு பங்கு பெரிய வட்டம் வெட்டுங்கள். என் கண்டென்சரில் 10எக்ஸுக்கு 14 மி.மீ. பொருந்துகிறது. உங்களுடையதில் மாறும், அதனால் என் எண்ணைக் கடன் வாங்காதீர்கள். அளக்கப் பொறுமையில்லாதவர்கள் 8-இலிருந்து 24 மி.மீ. வரை இரண்டிரண்டாகக் கூட்டி ஒரு வரிசையே வெட்டி வைத்துக்கொள்ளலாம். கருப்பு அட்டை போதும். அட்டையை ஓ.எச்.பி தாளின் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) நடுவில் ஒட்டித் தாளை ஃபில்டர் வளையத்தின் அளவுக்கு வெட்டினால் தானாக நடுவில் உட்காரும். நாணயத்தை வைத்துச் சோதிப்பவர்களும் உண்டு. 2011-க்குப் பின் வந்த ஐம்பது பைசா 19 மி.மீ., கடையில் வாங்க மறுத்தாலும் இதற்கு ஆகும்.

பின்னணி ஒரு பக்கம் கருப்பு, மறுபக்கம் சாம்பல் என்றால் வட்டம் நடுவில் இல்லை. ஐபீஸைக் கழற்றிப் பார்த்தால் எந்தப் பக்கம் ஒளி எட்டிப் பார்க்கிறதோ, குழாய்க்குள் வட்டம் அந்தப் பக்கம் நகரும்படி தள்ளுங்கள்.

10எக்ஸில் கச்சிதமாக வருவது 40எக்ஸில் ஏன் கெடுகிறது? 40எக்ஸின் என்.ஏ. 0.65. கண்டென்சரில் 1.25 என்று எழுதியிருந்தாலும், அதற்கும் ஸ்லைடுக்கும் நடுவே காற்று இருக்கும்வரை அது 1-ஐத் தாண்டாது, நடைமுறையில் 0.9 சுமார். அப்படியானால் நமக்கு மிஞ்சுவது 0.65-க்கும் 0.9-க்கும் இடையில் ஒரு மெல்லிய வளையம். கண்டென்சர் உச்சிவரை ஏறியிருக்க வேண்டும், வட்டம் சரியாக நடுவில் இருக்க வேண்டும், ஸ்லைடும் தடித்ததாக இருக்கக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தாலும் வெளிச்சம் குறைவாகத்தான் வரும். கண்டென்சர் உச்சிக்கும் ஸ்லைடின் அடிக்கும் இடையே ஒரு சொட்டு இமர்ஷன் எண்ணெய் வைத்தால் வளையம் அகலும். 100எக்ஸில் இந்த அட்டை வித்தை பலிக்காது. அதற்கு உள்ளேயே டயஃப்ரம் வைத்த ஆப்ஜெக்டிவும் தனி டார்க்ஃபீல்ட் கண்டென்சரும் வேண்டும்.

கடைசிக் காரணம் அழுக்கு. பிரைட்ஃபீல்டில் கண்ணில் படாத கைரேகை, துணி நார், காய்ந்த சோப்புக் கறை எல்லாம் இங்கே நட்சத்திரமாக மின்னும். புது ஸ்லைடு என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பாத்திரம் துலக்கும் திரவத்தில் கழுவி, ஆர்.ஓ. தண்ணீரில் அலசி, பஞ்சு உதிராத துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். தண்ணீரிலேயே மண் மிதந்தால் அதை ஒரு கண்ணாடி டம்ளரில் அரை மணி நேரம் தெளியவிட்டு மேலிருந்து பில்லரால் எடுக்கலாம். தண்ணீர் அடுக்கு தடித்திருந்தாலும் மேலும் கீழும் இருப்பவை ஒளிர்ந்து பின்னணியைக் கலக்கும். கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் ஃபில்டர் தாளைத் தொட்டுக் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சினால் சரியாகும்.

பின்னணி கருப்பு, ஆனால் உயிரி வெள்ளையாய் வெந்துவிட்டது

கேமராவின் தானியங்கி அளவீடு, படத்தில் பெரும்பகுதி கருப்பாக இருப்பதைப் பார்த்து வெளிச்சம் போதவில்லை என்று முடிவு கட்டி எக்ஸ்போஷரைக் கூட்டுகிறது. டார்க்ஃபீல்டில் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து வையுங்கள். பிரைட்ஃபீல்டில் நேர் எதிர்: பின்னணி சாம்பலாய் வந்தால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். கேமரா இரண்டு முறையும் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். கைபேசியில் உயிரிமேல் விரலை அழுத்திப் பிடித்து அளவீட்டைப் பூட்டிவிட்டுக் கீழே இழுங்கள். சைக்ளோப்ஸின் முட்டைப் பைகள் முதலில் வெந்துபோகும், அவற்றைப் பார்த்துக்கொண்டே குறையுங்கள். நம் ஊர்க் குளங்களிலும் கிணறுகளிலும் கிடைக்கும் இந்தப் பொடியன்தான் ஒருகாலத்தில் நரம்புச்சிலந்திப் புழுவைச் சுமந்தவன். இந்தியாவில் அந்த நோய் ஒழிந்துவிட்டதென்று 2000-இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. அதனால் இப்போது நிம்மதியாகப் படமெடுக்கலாம்.

கருப்புப் பின்னணி அலுத்துப்போனால், கருப்பு வட்டத்துக்குப் பதில் நீல வட்டமும் அதைச் சுற்றி மஞ்சள் வளையமும் வையுங்கள். நீலப் பின்னணியில் பொன்னிற உயிரி கிடைக்கும். ஜூலியஸ் ரைன்பெர்க் 1896-இல் வெளியிட்ட முறை இது. பரிசுப் பொருள் சுற்றும் கலர் கண்ணாடித் தாளே போதும். நிறம் வெளிறினால் தாள் ஒற்றையாக இருக்கிறது என்று அர்த்தம், நடு வட்டத்துக்கு மட்டும் மூன்று நான்கு அடுக்கு மடித்து வையுங்கள். நடு வட்டம் வழியாக வருவது நேர் ஒளி, அதை நன்றாக அடக்கினால்தான் ஓர ஒளியின் நிறம் எடுபடும்.

படத்தின் குறுக்கே பட்டை பட்டையாய்க் கோடு

எல்.இ.டி துடிக்கிறது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்.இ.டி வினாடிக்கு 100 முறை மங்கி எழும். இதுபோக, வெளிச்சத்தைக் குறைக்கும் குமிழ் பல கருவிகளில் உண்மையில் மங்கலாக்குவதில்லை, வேகமாக அணைத்து அணைத்துப் போடுகிறது. கேமரா சென்சார் வரிவரியாகப் படிப்பதால் அந்தத் துடிப்பு பட்டையாகப் பதிகிறது. உறுதிசெய்ய, விளக்கின் முன் ஒரு பேனாவை வேகமாக ஆட்டுங்கள். தொடர்ச்சியான மங்கலுக்குப் பதில் பல பேனாக்கள் தனித்தனியாய்த் தெரிந்தால் துடிப்புதான்.

குமிழை முழுக்கத் திருப்பிவிட்டு, அதிக வெளிச்சத்தைச் சாம்பல் ஃபில்டர் வைத்துக் குறையுங்கள். ஷட்டரை 1/100, 1/50, 1/25 என்று வையுங்கள். மின்னணு ஷட்டர் வேண்டாம், இயந்திர ஷட்டர் போதும். வீடியோ எடுப்பவர்கள் யு.எஸ்.பி விளக்கைப் பவர் பேங்கில் ஓட்டினால் மின்வாரியத்தின் 50 ஹெர்ட்ஸிலிருந்தாவது தப்பலாம்.

உயிரி மட்டும் இழுபட்டுப்போய் மங்கலாக இருக்கிறது

வெளிச்சத்தைக் கூட்ட வேண்டிய அந்த ஒரே கோளாறு இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பரமீசியம் வினாடிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீந்துகிறது. 1/50 வினாடி ஷட்டரில் அது 20 மைக்ரான் நகர்ந்துவிடும். அதன் உடல் நீளமே 200, 300 மைக்ரான்தான். 10எக்ஸ் காட்டக்கூடிய 1.3 மைக்ரான் விவரத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் 1/1000-ஆவது வேண்டும். ரோட்டிஃபரின் தலையில் சுழல்வதுபோல் தோன்றும் முடிகள் அதைவிட வேகம். டார்க்ஃபீல்டில் சாதாரண எல்.இ.டியை வைத்துக்கொண்டு 1/1000-க்குப் போனால் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்வு அளவு) பல ஆயிரமாகி, படம் முழுக்க மணல் தூவியதுபோல் வரும்.

பழைய வெளி ஃபிளாஷ் ஒன்று இருந்தால் போதும். ஃபிளாஷின் சக்தியைக் குறைக்கக் குறைக்க அது எரியும் நேரமும் குறையும். 1/32, 1/64 சக்தியில் 1/10,000 வினாடிக்கும் குறைவாக எரிந்து அணையும். உறைய வைப்பது ஷட்டர் அல்ல, அந்தப் பளிச்சிடும் நேரம். அதனால் ஷட்டர் 1/125-இல் இருந்தாலும் கவலையில்லை.

விளக்கு இருக்கும் இடத்தில் ஃபிளாஷை வைத்துவிட்டால் பார்ப்பதற்கு வெளிச்சம் இருக்காது. நான் செய்திருப்பது இது: கண்டென்சருக்கு அடியில் ஒரு மெல்லிய சாதாரணக் கண்ணாடித் துண்டை 45 பாகையில் சாய்த்து நிறுத்தியிருக்கிறேன். எல்.இ.டி கீழிருந்து கண்ணாடியை ஊடுருவி வருகிறது. ஃபிளாஷ் பக்கத்திலிருந்து அடித்து, கண்ணாடியில் பட்டு மேலே திரும்புகிறது. கண்ணாடி ஃபிளாஷ் ஒளியில் சிறு பங்கைத்தான் திருப்பும், ஆனால் ஃபிளாஷுக்கு அது போதும். மேசையில் ஒரு அட்டைப் பெட்டி, இரண்டு ரப்பர் பேண்ட், கண்ணாடிக் கடையில் வேண்டாமென்று ஒதுக்கிய துண்டு, செலவு இவ்வளவே. கண்ணாடி ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், நான் தேய்க்காமல் விரலில் வாங்கிக்கொண்டேன்.

ஒன்று கட்டாயம். ஐபீஸில் கண் வைத்திருக்கும்போது ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. திரையைப் பார்த்து எடுங்கள். விளக்குக்குப் பதில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த பழைய நுண்ணோக்கிக்காரர்கள் அதை நேர் வெயிலுக்குத் திருப்பாமல் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஃபிளாஷ் வந்ததும் புதுக் கோளாறுகள் வரும். படத்தில் பாதி கருப்புப் பட்டையாக இருந்தால் ஷட்டர் கேமராவின் ஃபிளாஷ் வேகத்தைத் தாண்டிவிட்டது, பெரும்பாலான கேமராவில் எல்லை 1/200 சுமார். படம் முழுக்க இருட்டென்றால் மின்னணு ஷட்டரில் இருக்கிறீர்கள், அதில் பல கேமராக்கள் ஃபிளாஷையே அடிக்க விடாது. கூர்மையான உயிரிக்குப் பின்னால் பேய் நிழல் ஒன்று இழுபட்டால் எல்.இ.டியின் பங்கு அதிகம். ஃபிளாஷை அணைத்துவிட்டு அதே அமைப்பில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், அது கிட்டத்தட்டக் கருப்பாக வர வேண்டும். வரவில்லையென்றால் எல்.இ.டியைக் குறையுங்கள். ஃபிளாஷில் அதிவேக ஒத்திசைவு என்றொரு வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், அது ஒரே பளிச்சுக்குப் பதில் தொடர்ந்து துடித்து, நாம் தேடும் குறுகிய நேரத்தையே கெடுத்துவிடும்.

ஃபிளாஷ் இல்லாதவர்கள் உயிரியை மெதுவாக்கலாம். பஞ்சு நாரைப் பிய்த்து ஸ்லைடில் பரப்பினால் பரமீசியம் அந்தச் சிறைக்குள் சுற்றும். மெத்தில் செல்லுலோஸ் கரைசல் ஒரு சொட்டு விட்டால் தேனில் நீந்துவதுபோல் நகரும். ஆனால் டார்க்ஃபீல்டில் பஞ்சு நார் உயிரியைவிட அதிகமாக மின்னும் என்பதால் அங்கே கரைசல்தான் நல்லது.

நிறம் சரியில்லை

ஹாலஜன் விளக்கை முழு வோல்ட்டில் எரித்தால் சுமார் 3200 கெல்வின். குறைத்தால் சிவக்கும். ஆகையால் வோல்ட்டை ஒரே இடத்தில் வைத்துவிட்டு வெளிச்சத்தை ஃபில்டரால் குறையுங்கள். பிறகு ஸ்லைடில் எதுவும் இல்லாத இடத்துக்கு நகர்ந்து, கேமராவின் வெள்ளைச் சமநிலையை அந்த வெற்றிடத்தில் அமையுங்கள். டார்க்ஃபீல்டுக்கு மாறும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும், கருப்பில் வெள்ளையைத் தேட முடியாது. ரா கோப்பாக எடுத்தால் பிறகு திருத்த இடமிருக்கும்.

பாசியின் பச்சை மட்டும் நோய்வாய்ப்பட்டாற்போல் இருந்தால் எல்.இ.டியின் தரம். மலிவான குளிர்வெள்ளை எல்.இ.டியில் நீலம் தூக்கலாகவும் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுப்பட்ட நிறம் பள்ளமாகவும் இருக்கும். இல்லாத நிறத்தை எந்த மென்பொருளும் கொண்டுவராது. நிறத் துல்லியம் 90-க்கு மேல் என்று போட்டிருக்கும் விளக்குக்கு மாறுங்கள்.

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளிகள்

ஸ்லைடை நகர்த்துங்கள், ஐபீஸைச் சுழற்றுங்கள், கண்டென்சரை ஏற்றி இறக்குங்கள். எதை அசைக்கும்போது புள்ளி அசைகிறதோ அங்கே தூசி. எதற்கும் அசையவில்லை என்றால் சென்சாரில்.

போலரைசர் வைத்தேன், ஒன்றுமே தெரியவில்லை

போலரைசர் என்பது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் ஃபில்டர். விளக்கின்மேல் ஒன்று, ஐபீஸுக்கோ கேமராவுக்கோ முன்னால் ஒன்று. ஒன்றைச் சுற்றி முழு இருட்டாக்குவதுவரை எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள். பிறகு டயாட்டம் என்ற பாசியை வைத்துவிட்டு ஏமாந்துபோகிறார்கள். டயாட்டமின் ஓடு ஒழுங்கற்ற சிலிக்கா, இருட்டிலேயே இருக்கும். இந்த முறையில் மின்னுவது தசையும் படிகமும். கொசுப்புழுவின் தசைக்கட்டுகளை ஒருமுறை பாருங்கள், பட்டு நூலை அடுக்கினதுபோல் இருக்கும். சுண்ணாம்பு ஓடுள்ள ஆஸ்ட்ரகாடும் நன்றாக மின்னும்.

பின்னணி கருப்பாகாமல் வானவில் அடித்தால் பிளாஸ்டிக் ஸ்லைடோ பெட்ரி தட்டோ வைத்திருக்கிறீர்கள். கண்ணாடிக்கு மாறுங்கள்.

மேலிருந்து ஒளி அடித்தால் உயிரிமேல் வெள்ளைப் புள்ளிகள்

ஹைட்ரா, பெரிய டாஃப்னியா போன்றவற்றை 4எக்ஸில் மேலொளியில் எடுக்கும்போது வருவது. அந்தப் புள்ளிகள் எல்.இ.டி வளையத்தின் பிம்பங்கள். டாஃப்னியாவின் வழவழப்பான ஓடும் தண்ணீரின் மேற்பரப்பும் கண்ணாடிபோல் திருப்பிக் காட்டுகின்றன. ஒரு டேபிள் டென்னிஸ் பந்தைப் பாதியாக வெட்டி, உச்சியில் ஆப்ஜெக்டிவ் நுழையத் துளையிட்டுக் கவிழ்த்து வெளியிலிருந்து ஒளி அடியுங்கள். டிரேசிங் பேப்பர் குழலும் ஆகும். பின்னணிக்கு அடியில் கருப்பு வெல்வெட். கருப்பு அட்டை போதாது, நன்றாக ஒளி பட்டால் அது சாம்பலாகிவிடும்.

எல்லாம் சரியாக அமைந்தது, உயிரியைக் காணோம்

ஒளியும் ஒரு தூண்டுதல். வால்வாக்ஸ் மிதமான ஒளியை நோக்கி வரும், நீல ஸ்டென்டார் என்ற ஒற்றைச் செல் உயிரி ஒளியைக் கண்டால் ஒதுங்கும். அமைப்பைச் சரிசெய்யும் நேரத்தில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், படமெடுக்கத் தயாராகும்போது ஸ்டென்டார் சுருண்டு ஓரத்துக்குப் போயிருக்கும். அமைப்பை வேறொரு ஸ்லைடில், பாசித் துண்டை வைத்துச் செய்துகொண்டு, பிறகு உயிரியைக் கொண்டுவாருங்கள். ஹாலஜன் என்றால் இன்னொன்றும் உண்டு, கவர் ஸ்லிப்புக்கு அடியில் இருக்கும் அந்தத் துளி சூடாகி வற்றும். வற்ற வற்றக் கவர் ஸ்லிப் கீழிறங்கி உயிரியை நசுக்கும். ரோட்டிஃபர் திடீரென்று தட்டையாகி அசையாமல் நின்று, படம் பிரமாதமாக வருகிறதென்றால் அதற்கு இதுதான் காரணம்.

கவர் ஸ்லிப்பின் நான்கு மூலையிலும் வாசலினைக் கடுகளவு வைத்து மெல்ல அழுத்துங்கள், அது கால்போல் நின்று தாங்கும். ஓரம் முழுக்கத் தடவினால் வற்றுவதும் குறையும். தடவாத ஸ்லைடு சித்திரை மாதத்தில் என் மேசையில் கால் மணி நேரம்கூடத் தாங்குவதில்லை, அதுவும் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால்.